வெந்நீர்த் தொட்டியில் வைத்த கால்

நம் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறைக்குச் சூடு கொடுக்கும் இயந்திரம் வரப்போகிறது, அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்தீர்கள். கதிர்வீச்சோடு சூட்டையும் சேர்த்துக் கொடுத்தால் புற்றுநோய்ச் செல்கள் கூடுதலாகச் சாகும் என்பதை, ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி போல நீங்கள் எனக்கு விளக்கினீர்கள். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு. உங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அதை ஒரு தகரத் தொட்டியில் செய்தோம், பிறகு நிறுத்திவிட்டோம், நிறுத்தியதை வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை விற்க வருகிறவர் மணிக்கணக்கில் சொல்வார், மத்தியானச் சாப்பாடும் வாங்கிக் கொடுப்பார். நான் சொல்லப்போவது ஒரு பெண்ணின் காலைப் பற்றி.

அறுபதுகளில், கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாக அனுப்பிய ஒரு பழைய எக்ஸ்ரே சிகிச்சை இயந்திரம் அங்கே இருந்தது. படம் எடுக்கிற எக்ஸ்ரே இல்லை, கட்டியைக் கருக்குகிற எக்ஸ்ரே. சனங்கள் அதற்குக் 'கரண்டு வைக்கிறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் நம் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதே பெயர்தான். அந்த இயந்திரத்தை ஓட்டுவது என் பொறுப்பு.

பெரிய டாக்டர் மதராஸ்காரர், சீமையில் படித்தவர். கோபமோ கவலையோ வந்தால் அவருக்குக் குரல் உயராது, தாழும். அவர் மெதுவாகப் பேசினால் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். தபாலில் தாமதமாக வந்து சேரும் மருத்துவப் பத்திரிகைகளை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பது அவர் வழக்கம். ஒருநாள் அப்படிப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு தொட்டித் தண்ணியை எவ்வளவு நேரம் ஒரே சூட்டுல வச்சிருக்க முடியும் உன்னால?"

கொடைக்கானலில் இது லேசான கேள்வி இல்லை. அங்கே பாய்லரிலிருந்து பிடித்த வெந்நீர் குளியலறைக்குப் போவதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடும். விறகு ஈரமாக இருந்தால் பாய்லர் புகைவதோடு சரி. முடியாது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எக்ஸ்ரே பட்ட செல்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை. சில குற்றுயிராகக் கிடந்து பிறகு தேறிக்கொள்ளும். தேறுகிற நேரம் பார்த்துச் சூடு வைத்தால் தேறாது. நல்ல சதையில் ரத்தம் ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கட்டிக்குள் ரத்த ஓட்டம் சரியில்லாததால், ஜன்னல் இல்லாத சமையல்கட்டு மாதிரி சூடு உள்ளேயே தங்கும். நீங்கள் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான்.

தண்ணீரில் முழுசாக முக்கி வைக்கக்கூடிய கை, கால் கட்டிகளுக்கு மட்டும் செய்வது என்று முடிவாயிற்று. முதலில் எக்ஸ்ரே, உடனே வெந்நீர்த் தொட்டி. தண்ணீருக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். ஆறினால் நான் வெந்நீர் விட்டுக் கலக்க வேண்டும். ஆனால் சதைக்குள் எவ்வளவு சூடு இறங்குகிறது என்று பார்க்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. அதற்கு டாக்டர் ஒரு வழி வைத்தார். ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, தாங்கவில்லை என்று நோயாளி சொல்கிற இடத்தில் நிறுத்திக்கொள்வது. அந்த நோயாளிக்கு அதுதான் அளவு.

முதலில் செய்துகொண்டவர் அங்கே பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். முன்கையில் கட்டி. தாங்குகிறதா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று பட்டென்று சொல்லி முகத்தைச் சுளிப்பார். சூட்டைக் குறைப்போம். கட்டி உலர்ந்து உதிர்ந்தது. அன்றைக்கு டாக்டர் பாய்லர் இருக்கும் கொட்டகைக்கே வந்து எனக்குக் கை கொடுத்தார், என் கையெல்லாம் கரி என்று பார்க்காமல்.

மூக்காயி அம்மாள் வந்தது அதற்குப் பிறகு. அவருக்கு ஊர் வெள்ளகவி. இப்போது நீங்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறப் போகிறீர்களே, அதே ஊர். அன்றைக்கு அங்கே விளைந்தது எதுவானாலும் யாராவது ஒருவர் தலையில் ஏறித்தான் கொடைக்கானலுக்கு வர வேண்டும். மூக்காயியும் அவர் வீட்டுக்காரர் வீரணனும் அப்படி மூட்டை சுமந்து ஏறி இறங்கிப் பிழைத்தவர்கள். அந்த ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். ஊரே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் எண்ணம். வெளியூர்க்காரர் வந்தாலும் எல்லையில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மூக்காயிக்குக் குதிகாலில் எப்போதோ தைத்த முள் புண்ணாகி, ஆறாத புண் வருஷக்கணக்கில் கிடந்து புற்றாகியிருந்தது.

"முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். புத்தகம் அதைத்தான் சொல்லுது" என்றார் டாக்டர்.

வீரணன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கால எடுத்துட்டா அவ எப்பிடிங்க நடமாடுவா? எங்கூருக்குத் தடந்தாங்க இருக்கு, ரோடு கெடையாது. கொண்டு போயி விட்டா விட்ட எடத்துல கெடக்க வேண்டியதுதான்."

மூக்காயி சுருக்கமாகச் சொன்னார். "காலு போனா சோலி போச்சுங்க."

டாக்டர் குனிந்து அந்தக் குதிகாலை மறுபடி ஒரு முறை பார்த்தார். எக்ஸ்ரேயும் சூடுமாகக் கொடுத்துப் பார்க்கிறேன், கேட்கவில்லை என்றால் காலை எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். இருவரும் தலையாட்டினார்கள்.

ஆரம்பித்தோம். எக்ஸ்ரே முடிந்ததும் சக்கர நாற்காலியில் தொட்டிக்குக் கூட்டி வருவேன். காலை வெந்நீரில் வைத்ததும் மூக்காயி கண்ணை மூடிக்கொள்வார். நான் கேட்பேன், "தாங்குதாம்மா?"

"தாங்குதுங்க."

அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். "தாங்குதா?"

"தாங்குதுங்க."

சங்கீத அம்மாள் எழுந்து ஓடியிருக்கக்கூடிய சூட்டையும் தாண்டியாயிற்று. டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். சூடு ஏற ஏறக் கட்டிக்குக் கேடு என்பதால் அவருக்குச் சந்தோஷம். எனக்கும்தான். புண்ணின் நாற்றம் போயிற்று. அதுவரை வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்த வீரணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். பூத்திருந்த சதை சுருங்கிக் கறுத்து, ஓரத்தில் புதுத்தோல் தெரிந்தது. கால் பிழைத்துவிடும் என்று டாக்டரும் வீரணனும் நானும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, நம்பத் தொடங்கினோம்.

ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது உள்ளங்கால் வளைவில், கட்டியே இல்லாத நல்ல சதையில், பெரிய கொப்புளம். தொட்டதும் தோல் நகர்ந்தது. அதற்கு அடியில் இருந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மூக்காயி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பழனிக்காரன். அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குக் காவடி வாடகைக்கு விடும் கடை. அலகு குத்திக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு சிரித்தபடி போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். வலிக்கிறதா என்று அவர்களைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கொப்புளத்தைப் பார்த்த கையோடு என் கண் மூக்காயியின் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே ஒரு மஞ்சள் கயிறு. வந்த நாளிலிருந்தே இருந்ததுதான், நான் கவனிக்கவில்லை. வெளியே வந்து வீரணனிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுல பூக்குழி எறங்குவாங்களா?"

"வருசம் தவறாம எறங்குவாங்க" என்றார் அவர் பெருமையாக.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். தீ மிதிக்கிறவர், காப்புக் கட்டி நேர்ந்துகொண்டு வந்திருக்கிறார், இந்த வெந்நீரும் அவருக்கு ஒரு பூக்குழி, சுடுகிறது என்று சொன்னால் நேர்த்தி கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வேகிறார்.

டாக்டர் வந்து பாதத்தைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது.

"நேத்திக்கும் தாங்குதுன்னுதான் சொன்னாங்களா?"

"ஆமா சார்."

"நீ இந்தப் பக்கத்து ஆளு. நீ சொல்லு. அவங்க வார்த்தையை நம்பலாமா?"

"நம்ப முடியாது சார்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "காப்புக் கட்டியிருக்காங்க. பூக்குழி எறங்குறவங்க. வெந்தே போனாலும் சுடுதுன்னு சொல்ல மாட்டாங்க. எங்க சனத்தப் பத்தி எனக்குத் தெரியும் சார்."

அவர் நேரே தொட்டிக்குப் போய், தெர்மாமீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தார். "அப்போ நம்மகிட்ட அளவே இல்லைன்னு அர்த்தம். இனிமே சூடு வேண்டாம். எக்ஸ்ரே மட்டும் கொடுத்து முடிப்போம்."

அவர் பயந்தார். பயந்தது சரிதான். கதிர் பட்ட தோலில் சூடும் கூடினால் நல்ல சதையும் அழுகிப்போகும், காலோடு உயிரும் போகலாம். ஆனால் நிறுத்துவதற்கும் ஏற்றுவதற்கும் நடுவே ஒரு வழி இருந்ததே. கொப்புளம் ஆறும்வரை பொறுத்து, சங்கீத அம்மாளின் அளவுக்குச் சூட்டைக் குறைத்துத் தொடர்ந்திருக்கலாம். அந்த அறையில் அது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு என் பதிலால் தோன்றவில்லை. எனக்கு, சீமையில் படித்தவர் என் பேச்சைக் கேட்டு ஒரு முடிவு எடுக்கிறாரே என்ற பூரிப்பில் தோன்றவில்லை. ஆபத்து என்று போய்ச் சொல்கிறவன், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொண்டுபோக வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள். நான் வெறுங்கையோடு போனேன்.

மறுநாள் எக்ஸ்ரே முடிந்ததும் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பாமல் வார்டுக்குத் தள்ளினேன்.

"இன்னைக்குத் தண்ணி இல்லீங்களா?" என்றார் மூக்காயி.

"வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா."

"சரிங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொப்புளம் ஆறியது. எக்ஸ்ரே கொடுத்து முடித்தோம். குதிகாலில் தோல் மூடியது. மூக்காயி வீரணனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஊருக்குப் போனார். மழைக்காலம் முடிந்து தடம் காய்ந்ததும், நாற்காலியில் மூங்கில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புற்று எலும்புக்குள் போயிருந்தது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை அந்த அளவுக்கு எக்ஸ்ரே கொடுக்க முடியாது. எக்ஸ்ரே இல்லாமல் சூட்டை மட்டும் வைத்துப் பயனில்லை. காலை எடுக்க நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் வெயில் நன்றாக இருந்தது. மூக்காயியை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மலைச்சரிவைப் பார்த்தபடி இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அந்தச் சுடுதண்ணிய ஏங்க நிப்பாட்டுனீங்க? அது வச்ச வரைக்கும் நல்லா வத்திக்கிட்டு வந்துச்சே."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொன்னேன். "நீங்க நேர்த்திக்காக எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டீங்கம்மா. சுடுதுன்னு சொல்லவே இல்ல. கால் வெந்துபோச்சு. அதான் நிப்பாட்டிட்டோம்."

"என்ன நேர்த்திங்க?"

நான் அவர் கையைக் காட்டினேன்.

"இதுவா?" மூக்காயி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது குளிருக்கு மந்திரிச்சுக் கட்டுனதுங்க. கொடைக்கானக் குளிரு ஒத்துக்காதுன்னு எங்க ஆத்தா கட்டி விட்டாக."

"பூக்குழி எறங்குவீங்கன்னு உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தேன்.

"பூக்குழி சாமிக்குங்க. நீங்க ஆசுபத்திரிக்காரங்க. ஒங்ககிட்ட நான் எதுக்கு மறைக்கப் போறேன்?" அவர் குரலில் கோபம் இல்லை, எனக்குப் புரியவைக்கும் பொறுமைதான் இருந்தது. "நீங்க தெனமும் தாங்குதா, தாங்குதான்னு கேட்டீங்க. தாங்குச்சு. தாங்குதுன்னேன். சுடுதான்னு ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா, சுடுதுன்னு சொல்லியிருப்பேங்க. கடைசி மூணு நாலு தடவ நல்லாவே சுட்டுச்சு."

அவர் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. முழு மூட்டையோடு மலையேறுகிற ஒருவரிடம் தாங்குகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? தாங்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. எங்களுக்கு வேண்டிய மிகச் சரியான அளவு அவரிடமே இருந்தது. அவர் வார்த்தையை நம்ப முடியாது என்று சொன்னவன் நான்.

அன்று மாலையே போய் டாக்டரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்களைப் பத்தி உன்னைக் கேட்டேன்" என்றார், காதுக்கே எட்டாத குரலில். "அவங்க பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. அவங்களையே கேட்டிருக்கலாம்."

சூடு தொடர்ந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை மூக்காயிக்கு நாங்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டாக்டர் அதன்பிறகு யாருக்கும் தொட்டி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகளை ஊறவைக்க அது பயன்பட்டது. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். உங்கள் புதிய இயந்திரத்தில் சதைக்குள்ளேயே செருகிச் சூடு பார்க்கிற கம்பி இருக்குமாம். நல்லது. இருந்தாலும் நோயாளியைக் கேளுங்கள். கேட்கும்போது, உங்களுக்கு வேண்டிய பதிலை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். அவருடைய ஊர், சாதி, சாமி எல்லாம் உங்களுக்கு அத்துபடி என்றால் இன்னும் ஜாக்கிரதையாகக் கேளுங்கள்.

காலை எடுத்துப் புண் ஆறியதும் மூக்காயியை ஊருக்கு அனுப்பினோம். வழியில் கட்டு நனைந்தால் மாற்றுவதற்கு என்று சொல்லி டாக்டர் என்னையும் கூட அனுப்பினார். வெள்ளனே கிளம்பினோம். அதே மூங்கில் நாற்காலியில் ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஊர் எல்லையில் ஒரு மரத்தடியில் நாற்காலியை இறக்கி வைத்தபோது, மூக்காயி, கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டைகளைக் கேட்டார்.

"ஊருக்குள்ள நான் நடந்துதான் வருவேன்" என்றார். பிறகு கட்டைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வீரணனிடம் நீட்டினார். "ஏங்க, அடியில இருக்குற ரப்பரக் கழட்டுங்க."

"வழுக்கும்மா" என்றேன் நான்.

"செருப்புக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? கழட்டட்டும்."

வீரணன் மறுபேச்சில்லாமல் இரண்டு ரப்பரையும் இழுத்துக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நானும் என் பூட்ஸைக் கழற்றி மரத்தடியில் வைத்தேன்.

மூக்காயி முன்னால் போனார். வெறும் கட்டை கல்லில் சறுக்கும், நிற்பார், மறுபடி ஊன்றுவார். ஒற்றைக் காலால் அந்தக் கல் பாதையில் அவர் போகிற வேகத்துக்கு இரண்டு காலும் உள்ள என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பூட்ஸுக்குள்ளேயே இருந்து பழகிய பாதம். ஒவ்வொரு சரளையும் உச்சந்தலை வரை தெரிந்தது. சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மூக்காயி நின்று, கட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு, திரும்பி என் கால்களைப் பார்த்தார்.

"கல்லு குத்துதுங்களா?" என்று கேட்டார்.

பரவாயில்லைங்க, சமாளிச்சுக்குவேன் என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினேன்.

"குத்துதும்மா" என்றேன்.

அவர் வீரணனைக் கூப்பிட்டார். "செத்த நில்லுங்க. சாருக்குக் காலு வலிக்குதாம். உக்காந்துட்டுப் போவோம்."